பதவியில் இருக்கும் அதிபரை யார் விசாரிப்பது?

அதிபர் ஒருவர் மீது குற்றச்சாட்டு எழும்போது, அதை விசாரிக்க வேண்டிய புலனாய்வாளர்களும் அரசு வழக்கறிஞர்களும் அவரே நியமித்த அமைச்சரின் கீழ்தான் வேலை பார்க்கிறார்கள். அதிபர் ஆட்சிமுறை உள்ள எந்த நாட்டுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இதற்கு இதுவரை நான்கு வழிகள் நடைமுறையில் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. அட்டர்னி ஜெனரலே (அமெரிக்காவில் நீதி அமைச்சகத்தின் தலைவர் இவர்தான்) வெளியிலிருந்து ஒருவரை நியமிக்கலாம். நீதிபதிகள் குழு ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். நாடாளுமன்றம் பெயர்களைக் கொடுக்கலாம். அல்லது எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரந்தர அமைப்பிடம் பொறுப்பை விட்டுவிடலாம்.

விவாதம் பெரும்பாலும் "யார் நியமிப்பது" என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியமாக எனக்குப் படுபவை மூன்று. அவரை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அவருடைய விசாரணைக்கு எல்லை எது? கடைசியில் அவர் கண்டுபிடித்தது யார் கைக்குப் போய்ச் சேருகிறது? இவற்றில் மூன்றாவதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். நான்கு வழிகளையும் நான் எடைபோடுவது பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

காரணம் எளிது. பதவியில் இருக்கும் அதிபர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது பல நாடுகளில் முடியாத காரியம். அமெரிக்க நீதி அமைச்சகத்தின் சட்ட ஆலோசனை அலுவலகம் 1973 செப்டம்பரில் அப்படித்தான் கருத்துச் சொன்னது, 2000 அக்டோபரில் அதையே உறுதிசெய்தது. எந்த நீதிமன்றமும் அப்படித் தீர்ப்பளித்ததில்லை. ஆனாலும் அமைச்சகத்துக்குள் வேலை பார்ப்பவரை அந்தக் கருத்து கட்டுப்படுத்தும். தென்கொரியாவில் அரசமைப்பின் 84ஆவது பிரிவே, உள்நாட்டுக் கிளர்ச்சி, தேசத்துரோகம் இரண்டைத் தவிர வேறு குற்றங்களுக்கு அதிபர் மீது பதவிக்காலத்தில் வழக்குத் தொடர முடியாது என்கிறது. பிரேசிலில் நாடாளுமன்றக் கீழவையின் மூன்றில் இரண்டு பங்கு அனுமதி வேண்டும். இப்படி வழக்குத் தொடரும் வழி அடைபட்டிருக்கும் இடத்தில், விசாரிப்பவர் கையில் மிஞ்சுவது அவர் திரட்டிய சாட்சியமும் எழுதிய அறிக்கையும் மட்டுமே. அந்த அறிக்கை அதிபரின் ஆளிடமே போய்ச் சேர்ந்தால், அத்தனை பாடும் எதற்கு?

அட்டர்னி ஜெனரல் நியமித்தால்

இது மிகப் பழைய வழி, மிக வேகமான வழியும் கூட. புதிய சட்டம் தேவையில்லை, ஓர் உத்தரவு போதும். பலவீனமும் அதே அளவு பழையது. 1875இல் விஸ்கி வரி மோசடியை விசாரிக்க அதிபர் கிராண்ட் ஆட்சியில் ஜான் ஹெண்டர்சன் நியமிக்கப்பட்டார். விசாரணை கிராண்டின் அந்தரங்கச் செயலரை நெருங்கிய நிலையில் நீக்கப்பட்டார். 1952இல் ட்ரூமன் ஆட்சியில் ஊழலை விசாரிக்க வந்த நியூபோல்ட் மாரிஸை அட்டர்னி ஜெனரல் மக்ராத் நீக்கினார். அதே நாளில் மக்ராத்தின் பதவியையும் ட்ரூமன் பறித்தார்.

எல்லாருக்கும் நினைவில் நிற்பது 1973தான். எலியட் ரிச்சர்ட்சன் அட்டர்னி ஜெனரலாவதற்குச் செனட்டின் ஒப்புதல் தேவைப்பட்டது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் அத்துமீறி நுழைந்ததில் தொடங்கிய வாட்டர்கேட் விவகாரத்துக்குத் தனி வழக்கறிஞரை நியமிப்பதாகவும், மிகக் கடுமையான முறைகேடு இருந்தாலொழிய அவரை நீக்கப்போவதில்லை என்றும் அவர் செனட்டுக்கு வாக்குக் கொடுத்தார். தன் பழைய சட்டப் பேராசிரியரான ஆர்ச்சிபால்ட் காக்ஸை மே மாதத்தில் நியமித்தார். வெள்ளை மாளிகையில் உரையாடல்கள் ஒலிநாடாவில் பதிவாகின்றன என்பது ஜூலையில் வெளியே தெரிந்ததும், காக்ஸ் அந்த நாடாக்களைக் கேட்டு சம்மன் அனுப்பினார். அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு, காக்ஸை நீக்கும்படி அதிபர் நிக்சன் உத்தரவிட்டார். ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். துணை அட்டர்னி ஜெனரல் ரக்கல்ஸ்ஹவுஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாம் நிலையில் இருந்த சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் கையெழுத்திட்டார். அந்த நீக்கம் சட்டவிரோதம் என்று நவம்பரில் ஒரு மாவட்ட நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பால் காக்ஸ் திரும்பி வரவில்லை.

வழக்கமாக இந்தக் கதையை இங்கேயே முடித்து, "பார்த்தீர்களா, இந்த வழி தோற்றுவிட்டது" என்பார்கள். அடுத்து நடந்ததுதான் இந்த ஒப்பீட்டுக்கு மிகவும் பயன்படுவது. மக்கள் கொதித்தெழுந்ததால், இரண்டு வாரத்துக்குள் லியோன் ஜவர்ஸ்கி நியமிக்கப்பட்டார். இம்முறை விதியில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது: இரு அவைகளின் தலைவர்களும் நீதித்துறைக் குழுக்களின் மூத்த உறுப்பினர்களுமாக எட்டுப் பேரைக் கலந்து, அவர்களிடையே இசைவு இருந்தால் ஒழிய அதிபர் இவரை நீக்கக் கூடாது. அந்த ஒரு நிபந்தனை பெரிய வேலை செய்தது. நாடாக்களுக்கான சண்டை உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, நிக்சன் தரப்பின் முதல் வாதம், "இது நிர்வாகத்துக்குள் நடக்கும் உள்வீட்டுத் தகராறு, நீதிமன்றத்துக்கு இதில் வேலையில்லை" என்பது. அந்த விதி நடப்பில் இருக்கும்வரை அரசாங்கத்தையும் அது கட்டுப்படுத்தும் என்று சொல்லி நீதிமன்றம் வாதத்தைத் தள்ளியது. 1974 ஜூலை 24 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக நாடாக்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். பதினாறாம் நாள் நிக்சன் பதவியில் இல்லை.

ஆக, அதிபரின் அமைச்சகமே நியமித்தாலும், நீக்கும் அதிகாரத்துக்கு வெளியிலிருந்து ஒரு பூட்டுப் போட்டால் இந்த வழி வேலை செய்யும். அந்தப் பூட்டு 1999இல் எழுதப்பட்ட இன்றைய சிறப்பு வழக்கறிஞர் விதிகளில் இல்லை. தவறான நடத்தை, கடமை தவறுதல், செயலிழப்பு, நலன் முரண் போன்ற காரணங்களுக்காக அட்டர்னி ஜெனரல் மட்டுமே நீக்கலாம் என்று அவை சொல்கின்றன. சரியான காரணமா என்று பார்க்க வெளியாள் யாரும் இல்லை. அறிக்கை ரகசியமாக அட்டர்னி ஜெனரலிடம் போக வேண்டும். எதை வெளியிடுவது என்பது அவர் முடிவு.

2016 அதிபர் தேர்தலில் ரஷ்யாவின் தலையீட்டை விசாரிக்க ராபர்ட் முல்லர் 2017 மே 17 அன்று இந்த விதிகளின்படிதான் நியமிக்கப்பட்டார். தன்னை நீக்கச் சொல்லி அதிபர் ட்ரம்ப் ஜூன் மாதத்தில் வெள்ளை மாளிகை வழக்கறிஞர் டான் மக்கானிடம் சொன்னதையும் மக்கான் அதைச் செய்ய மறுத்ததையும் முல்லர் தன் அறிக்கையிலேயே பதிவுசெய்திருக்கிறார். ஒரு தனிமனிதரின் மறுப்பால் விசாரணை பிழைத்தது. 2019 மார்ச் 22 அன்று அறிக்கை அட்டர்னி ஜெனரல் வில்லியம் பாரிடம் சேர்ந்தது. இரண்டு நாளில் பார் நான்கு பக்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டார். அது தன் வேலையின் சாரத்தை முழுமையாகச் சொல்லவில்லை என்று முல்லர் பாருக்கு எழுதியும் பயனில்லை. 448 பக்க அறிக்கை, சில பகுதிகள் மறைக்கப்பட்டு, ஏப்ரல் 18 அன்றுதான் வந்தது. நீதிக்கு இடையூறாக இருந்திருக்கக்கூடிய பத்துச் சம்பவங்களை முல்லர் ஆராய்ந்திருந்தார். அதிபர் மீது குற்றம் சாட்ட முடியாது என்பதால் முடிவு சொல்லவில்லை, ஆனால் குற்றமற்றவர் என்றும் சொல்லவில்லை. அறிக்கையைப் படிக்கும் முன்பே நாட்டின் மனதில் நான்கு பக்கக் கடிதம் பதிந்துவிட்டது. முல்லரை யாரும் நீக்கவில்லை. ஆனால் அவருடைய முடிவை முதலில் மக்களுக்குச் சொல்லும் உரிமை அவரிடம் இல்லை.

அட்டர்னி ஜெனரல் நேர்மையாக நடந்துகொண்டால் இதே விதிகள் ஒழுங்காகவும் ஓடும். அதிபர் பைடன் வைத்திருந்த ரகசிய ஆவணங்களை விசாரிக்க 2023 ஜனவரியில் ராபர்ட் ஹர் நியமிக்கப்பட்டார். பைடன் நேரில் பதில் சொன்னார். 2024 பிப்ரவரியில் அறிக்கை வெளியானது, வழக்கு இல்லை என்று முடிந்தது. வழக்குத் தொடரப்படாத ஒருவருடைய நினைவாற்றலைப் பற்றி அதில் எழுதியிருந்தது பெரும் அரசியல் புயலைக் கிளப்பியது. அறிக்கையின் வாசகம் எவ்வளவு வலிமையானது என்பதற்கு அது இன்னொரு சான்று.

நீதிபதிகள் தேர்ந்தெடுத்தால்

காக்ஸ் நீக்கத்தின் வடு ஆறாத நிலையில் 1978இல் அமெரிக்க நாடாளுமன்றம் அரசு நெறிமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அட்டர்னி ஜெனரல் 90 நாள் வரை முதல்கட்டமாக ஆராய்வார்; மேலும் விசாரிக்க முகாந்திரம் இருந்தால் மூன்று நீதிபதிகள் கொண்ட குழுவிடம் விண்ணப்பிப்பார்; வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதும் எல்லையை வகுப்பதும் அந்தக் குழு. தக்க காரணம் இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் நீதிமன்றத்தில் கேட்கலாம். பதவிநீக்கத்துக்கு இடம்தரும் தகவல் கிடைத்தால் நேராகப் பிரதிநிதிகள் அவையிடம் கொடுக்க வேண்டும். 1988இல் உச்ச நீதிமன்றம் 7க்கு 1 என்று இச்சட்டத்தை ஏற்றது. தனித்து மறுத்த நீதிபதி ஸ்காலியாவின் எச்சரிக்கை அப்போது பலருக்கு மிகையாகத் தோன்றியது: ஒரே ஒரு மனிதரைத் துருவுவதற்காகவே ஒரு வழக்கறிஞரை, வரம்பில்லாத பணத்தோடும் நேரத்தோடும் அமர்த்துவது ஆபத்து என்பது அதன் சாரம்.

நீக்கம், அறிக்கை என்ற இரண்டு கேள்விகளுக்கும் இச்சட்டம் நல்ல விடை வைத்திருந்தது. எல்லை என்ற கேள்வியில்தான் இடறியது. 1994இல், சட்டம் காலாவதியாகியிருந்த இடைவெளியில், கிளின்டன் தம்பதியின் வைட்வாட்டர் நில முதலீட்டை விசாரிக்க அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ ராபர்ட் ஃபிஸ்கை நியமித்தார். சட்டம் புதுப்பிக்கப்பட்டதும், கிளின்டனின் அமைச்சர் நியமித்தவர் என்ற காரணத்தால் நீதிபதிகள் குழு அவரைத் தொடரவிடாமல் கென்னத் ஸ்டாரை அமர்த்தியது. சற்று முன்னர்தான் அக்குழுவின் தலைவர் கிளின்டனை எதிர்த்த செனட்டர்களுடன் மதிய உணவு சாப்பிட்டிருந்தார் என்பது பின்னர் வெளிவந்தது. நீதிபதி கையால் நியமனம் நடந்தாலே நடுநிலை வந்துவிடாது. ஆர்கன்சாவில் 1978இல் வாங்கிய நிலத்தில் தொடங்கிய விசாரணை, வெள்ளை மாளிகைப் பயண அலுவலக ஊழியர் நீக்கம், எஃப்.பி.ஐ. கோப்புகள் என்று நகர்ந்து, 1998இல் வெள்ளை மாளிகைப் பயிற்சி ஊழியராக இருந்த மோனிகா லெவின்ஸ்கியோடு கிளின்டனுக்கு இருந்த உறவு குறித்த விவகாரத்தில் வந்து நின்றது. ஒவ்வொரு விரிவாக்கமும் சட்டப்படிதான் நடந்தது. ஒவ்வொரு முறையும் அதே ஆளிடம் கொடுத்ததுதான் கோளாறு. லெவின்ஸ்கி விவகாரத்தை வேறொருவரிடம் கொடுத்திருந்தால் நாடு அந்த முடிவை வேறு மாதிரி ஏற்றிருக்கும் என்பது என் கணிப்பு.

இரு கட்சிகளும் இச்சட்டத்தால் காயப்பட்டிருந்தன. ரேகன் ஆட்சியில் ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவாவின் கிளர்ச்சிப் படைக்குத் திருப்பிவிட்ட ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் லாரன்ஸ் வால்ஷ் 1986 டிசம்பரில் தொடங்கி ஆறு ஆண்டுகளுக்கு மேல் விசாரித்தது குடியரசுக் கட்சியினருக்கு ஆறாத கோபம். ஸ்டாரால் ஜனநாயகக் கட்சியினருக்கும் அதே நிலை. 1999இல் சட்டத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று ஸ்டாரே சாட்சியம் சொன்னார். ஜூன் 30 அன்று அது காலாவதியானது.

ஒப்பிட வேண்டிய இன்னொரு சோடி இங்கே இருக்கிறது. ஜவர்ஸ்கி தரப்பு 1974இல், வாட்டர்கேட் வழக்கைக் கையாண்ட நீதிபதி சிரிகா வழியாகப் பிரதிநிதிகள் அவைக் குழுவுக்கு அனுப்பியது, நடந்தவற்றைச் சிறு சிறு வாக்கியங்களாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எந்த ஆவணம், எந்தச் சாட்சியம் என்று சுட்டிய ஒரு வழிகாட்டி. குற்றம் என்ற முடிவோ, பதவிநீக்க வாதமோ அதில் கிடையாது. 2018 வரை அது முத்திரையிடப்பட்டே இருந்தது. ஸ்டார் 1998 செப்டம்பரில் அனுப்பியது அதற்கு நேர் எதிர்: பாலியல் விவரங்களோடு விரியும் கதை, பதவிநீக்கத்துக்கு 11 காரணங்கள் என்ற வாதம், இரண்டே நாளில் இணையத்தில் வெளியீடு. முந்தையது நாடாளுமன்றத்தைத் தானே யோசிக்க விட்டது. பிந்தையது விசாரித்தவரையே அரசியல் களத்தின் ஒரு கட்சிக்காரராக மக்கள் கண்ணில் ஆக்கிவிட்டது. அறிக்கை எங்கே போகிறது என்பதோடு, எப்படி எழுதப்படுகிறது என்பதையும் சட்டமே சொல்ல வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

நாடாளுமன்றம் பெயர் கொடுத்தால்

தென்கொரியாவின் அனுபவம் இங்கே முக்கியம். அதிபர் பார்க் குன்-ஹேயும் அவருடைய தோழியும் சம்பந்தப்பட்ட ஊழல் விவகாரத்துக்காக 2016 நவம்பரில் தனிச் சட்டம் நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் இருவரின் பெயரைத் தர வேண்டும், அதிபர் அவர்களில் ஒருவரை நியமிக்க வேண்டும். நவம்பர் 30 அன்று பார்க் யங்-சூ வந்தார். விசாரணைக்கு 70 நாள், தேவையானால் 30 நாள் நீட்டிப்பு. அந்தக் குறுகிய காலத்தில் சாம்சங் குழுமத்தின் வாரிசு லீ ஜே-யோங் கைதாகும் அளவுக்குக் குழு வேகமாக ஓடியது. காலக்கெடு இருப்பதே புத்தியை ஒருமுகப்படுத்துகிறது. வால்ஷின் ஆறு ஆண்டுகளையும் ஸ்டாரின் அலைச்சலையும் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் அந்த 30 நாள் நீட்டிப்பைத் தரும் அதிகாரம், இடைக்கால அதிபராக இருந்த ஹுவாங் கியோ-ஆனிடம் இருந்தது. அவர் பார்க் நியமித்த பிரதமர். 2017 பிப்ரவரி 27 அன்று மறுத்துவிட்டார், மறுநாளே விசாரணை முடிந்தது. அதற்கு முன் அதிபர் மாளிகையைச் சோதனையிடப் போனவர்களையும் உள்ளே விடவில்லை. பார்க் நேரில் விசாரணைக்கு வரவும் இல்லை. அவர் பதவி போனது மார்ச் 10 அன்று அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பால். கைது அதற்குப் பிறகு.

இந்த வழியின் பெரிய ஓட்டை வேறு. ஒவ்வொரு விவகாரத்துக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்றால், அதை அதிபர் மறுதலிக்கலாம். தன் மனைவி மீதான விசாரணைக்கான மசோதாவை அதிபர் யூன் சுக்-யோல் 2024இல் மூன்று முறை திருப்பி அனுப்பினார். தெருவில் மக்கள் திரண்டிருந்த 2016இல் மறுக்க முடியாமல் போனது. கூட்டம் இல்லாத நாளில் மறுப்பது எளிது. அதிபரின் கையெழுத்து இல்லாமலே உயிர்பெறும்படி பொதுச் சட்டமாக முன்கூட்டியே எழுதாவிட்டால் இந்த முறையை நம்பி இருக்க முடியாது.

நிரந்தர அமைப்பு

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பிரேசிலின் தலைமை அரசு வழக்கறிஞர் ரொட்ரிகோ ஜனோ 2017 ஜூனில் பதவியில் இருந்த அதிபர் டெமர் மீது ஊழல் குற்றம் சாட்டினார். ஆகஸ்டில் கீழவை அதைத் தடுத்து நிறுத்தியது. குவாதமாலாவில் ஐ.நா. ஆதரவு ஆணையமும் நாட்டின் அரசு வழக்கறிஞர் அலுவலகமும் சேர்ந்து திரட்டிய சாட்சியத்தால் 2015 செப்டம்பரில் அதிபர் பெரெஸ் மொலினா பதவி விலகிச் சிறைக்குப் போனார். பின்னர் தேர்தலில் வென்று வந்த அதிபர் மொராலெஸ் தன்மீதும் விசாரணை திரும்பியதும் ஆணையத்தின் தலைவரை நாட்டுக்குள் வரவிடவில்லை. 2019 செப்டம்பரில் ஆணையத்தின் காலம் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. தென்கொரியாவில் 2021இல் தொடங்கிய உயர்பதவியினர் குற்றப் புலனாய்வு அலுவலகம் ராணுவச் சட்டம் அறிவித்ததற்காகக் கிளர்ச்சிக் குற்றச்சாட்டுக்கு ஆளான யூனை 2025 ஜனவரியில் கைதுசெய்தது உண்மை. ஆனால் கிளர்ச்சிக் குற்றத்தை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டா என்ற சர்ச்சையும் கூடவே வந்தது. மார்ச்சில் நீதிமன்றம் யூனின் காவலை ரத்துசெய்தபோது அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நிரந்தர அமைப்பு சாட்சியத்தைப் பாதுகாக்க நல்லது. அதிபர் மீதான விசாரணையின் முழுச் சுமையையும் அதன் தலையில் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

யாரையும் நியமிக்காமல் நாடாளுமன்றக் குழுவே விசாரிக்கட்டும் என்போரும் உண்டு. அவர்கள் ஈரான்-கான்ட்ராவைப் பார்க்க வேண்டும். 1987இல், அந்த விவகாரத்தின் மையத்தில் இருந்த வெள்ளை மாளிகை அதிகாரி ஆலிவர் நார்த்தின் சாட்சியத்தைத் தொலைக்காட்சியில் கேட்பதற்காக, அதை அவருக்கு எதிராகப் பயன்படுத்த மாட்டோம் என்று நாடாளுமன்றம் பாதுகாப்புத் தந்தது. வால்ஷ் 1989இல் பெற்ற தண்டனைத் தீர்ப்பு அந்தக் காரணத்தாலேயே மேல்முறையீட்டில் சரிந்தது. குழுவும் வழக்கறிஞரும் ஒரே நேரத்தில் ஓடினால், யாருக்கு எப்போது பாதுகாப்புத் தருவது என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

என் தேர்வு

புதிதாகச் சட்டம் எழுதும் நாடு என்றால், கொரியாவின் நியமன முறையையும் 1978 சட்டத்தின் பாதுகாப்பையும் இணைப்பேன். எதிர்த்தரப்பு இரண்டு பெயர் தரும். குறித்த நாளுக்குள் அதிபர் தேர்ந்தெடுக்காவிட்டால் முதல் பெயர் தானாக நியமனமாகும். நீக்குவதும் கால நீட்டிப்பும் நீதிமன்றத்தின் முடிவு. எழுதிக்கொடுத்த எல்லைக்கு வெளியே புதிதாக ஏதாவது தென்பட்டால் அது வேறொருவரிடம் போகும். சாட்சியத் தொகுப்பு, ஜவர்ஸ்கி பாணியில், வாதம் இல்லாமல் நீதிமன்றம் வழியாக நாடாளுமன்றத்துக்குப் போகும்.

இதில் ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கிறது. எதிர்க்கட்சி பெயர் கொடுத்தால் பழிவாங்கும் ஆள் வரமாட்டாரா? வரலாம். அதனால்தான் எல்லையையும் காலத்தையும் இறுக்கிப் பிடிக்கிறேன்; நியமிப்பவரின் நல்லெண்ணத்தை நம்பி எதையும் கட்டவில்லை.

அமெரிக்காவுக்கு இதை அப்படியே சொல்ல முடியவில்லை. அதிபரின் நீக்கும் அதிகாரத்தை 1988இல் பார்த்ததைவிட இன்றைய உச்ச நீதிமன்றம் மிக விரிவாகப் பார்க்கிறது. 2024 ஜூலை 15 அன்று ஒரு மாவட்ட நீதிபதி, நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல் ஜாக் ஸ்மித்தைச் சிறப்பு வழக்கறிஞராக நியமித்ததே செல்லாது என்று சொல்லி, அப்போது முன்னாள் அதிபராக இருந்த ட்ரம்ப் மீதான ரகசிய ஆவண வழக்கைத் தள்ளுபடி செய்தார். அதற்கு இரண்டு வாரம் முன்னர் உச்ச நீதிமன்றம், நீதி அமைச்சக அதிகாரிகளுடன் அதிபர் பேசுவதற்கு முழு விலக்கு உண்டு என்று தீர்ப்பளித்திருந்தது. விசாரிப்பவரை நீக்கச் சொன்னதற்காகப் பதவி முடிந்த பிறகுகூட வழக்குத் தொடர்வது இனி மிகக் கடினம். பின்னால் தண்டிக்க வழியில்லை என்றால், தடுப்பை முன்னாலேயே வைக்க வேண்டும். நீக்கப்பட்டவர் பத்து நாளுக்குள் நீதிமன்றத்தில் முறையிட வழிசெய்யும் மசோதா 2018 ஏப்ரலில் செனட்டின் நீதித்துறைக் குழுவில் 14க்கு 7 என்று நிறைவேறியது. பெரும்பான்மைத் தலைவர் மிச் மக்கானல் அதை அவையின் வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. அந்த மசோதாவோடு, அறிக்கை நேராக நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும் என்ற ஒரு பிரிவையும் சேர்த்து நிறைவேற்றுவதுதான் அங்கே கைக்கெட்டும் தேர்வு.

சட்டம் எதுவும் கையில் இல்லாமல் நெருக்கடி வந்து நிற்கும் நாட்டில், புதுச் சட்டத்துக்காகக் காத்திருந்து மாதங்களைக் கழிக்க வேண்டாம். அந்த மாதங்களில் ஆவணங்கள் அழியும், சாட்சிகள் மனம் மாறுவார்கள். அட்டர்னி ஜெனரல் கையாலேயே உடனே நியமனம் நடக்கட்டும். ஆனால் நியமன உத்தரவிலேயே ஜவர்ஸ்கிக்கு எழுதிய எட்டுப் பேர் நிபந்தனையும், அறிக்கை யாரிடம் போகும் என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். ரிச்சர்ட்சனிடம் செனட் வாக்குறுதி வாங்கியது அவருக்குப் பதவி கொடுக்கும் முன்புதான். பேரம் பேசும் பலம் நாடாளுமன்றத்திடம் இருப்பது அந்தச் சில வாரங்களில் மட்டுமே.